மருதம்பட்டைக்கு அளவுகோல் வேண்டும்

கீழணையில் கொள்ளிடத்திலிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்ப, அந்த ஏரி நீரால் நெல் விளைவித்து வாழும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து மக்கள், தமிழ்நாட்டின் பிற பகுதி மக்களைப் போலவே, இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இருவகை மருந்துகளை ஒருசேர நாடுகின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. கடைவீதியில் உள்ள நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டைத் தூளும் செம்பருத்திப் பூப்பொடியும் வெண்தாமரைச் சூரணமும் விலைக்குக் கிடைக்கின்றன. இவ்விரண்டும் ஒரே உடலுக்குள் சென்று சேர்ந்தாலும், மாத்திரையைக் கொடுப்பவருக்குச் சூரணத்தைப் பற்றியும் சூரணத்தை விற்பவருக்கு மாத்திரையைப் பற்றியும் எதுவும் தெரிவிக்கப்படுவதில்லை. 'மூலிகையில் பக்கவிளைவே கிடையாது' என்னும் நம்பிக்கை ஒரு பக்கமும், 'மூலிகையில் ஒன்றுமே கிடையாது' என்னும் புறக்கணிப்பு மறுபக்கமும் நின்று, இந்த மௌனத்தை நீடிக்கச் செய்கின்றன. இரண்டு நிலைகளுமே கடந்த நூறாண்டு மருத்துவ வரலாற்றுக்கு முரணானவை.

இந்தியாவில் வயது வந்தோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது என்று 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு கணித்தது. மூவரில் ஒருவரைத் தொடும் ஒரு நோய்க்கு மக்கள் எதை உண்கிறார்கள், அதனால் என்ன நிகழ்கிறது என்பதை அறிவது மருத்துவத் துறையின் அடிப்படைக் கடமை என்பதால், மூலிகைகளைப் பற்றிய கேள்வியை நம்பிக்கை சார்ந்த விவாதமாக விட்டுவிட இயலாது.

இதயத்துக்கான மூலிகைகளில் முதலில் பேசப்பட வேண்டியது மருது. நீர்மருது, வெண்மருது என வழங்கப்படும் இம்மரம் தாவரவியலில் டெர்மினாலியா அர்ஜுனா எனப்படுகிறது. ஆற்றங்கரையையும் ஈரம் காயாத மண்ணையும் விரும்பி வளர்வது, வெளிறிய வழுவழுப்பான பட்டையும் ஐந்து சிறகுகள் கொண்ட காயும் உடையது. காவிரிக் கரைக் காடுகளில் ஓங்கி நிற்கும் இம்மரமே கொள்ளிடத்துக்குத் தெற்கே உள்ள திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரமாகவும் போற்றப்படுகிறது. சுமார் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் வாக்படர் இதன் பட்டையை இதய நோய்க்குப் பரிந்துரைத்தார் என்றும், 11ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்கரபாணிதத்தர் பட்டையைப் பாலில் காய்ச்சி அருந்தும் முறையை எழுதி வைத்தார் என்றும் ஆயுர்வேத வரலாறு கூறுகிறது. இதயத்தைத் தமரகம் என்று குறிப்பிடும் சித்த மருத்துவத்திலும் மருதம்பட்டைக் குடிநீரும் சூரணமும் வழக்கில் உள்ளன. பட்டையிலிருந்து அர்ஜுனிக் அமிலம், அர்ஜுனோலிக் அமிலம் முதலிய வேதிப்பொருள்களையும், துவர்ப்புக்குக் காரணமான டானின்களையும், ஃபிளேவனாய்டுகள் எனப்படும் தாவர நிறமிகளையும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துள்ளனர்.

ஆயினும், பழைய நூலில் இருப்பதோ வேதிப்பொருள் அடங்கியிருப்பதோ ஒரு பட்டையை இதய மருந்தாக ஆக்கிவிடுவதில்லை. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தையும் மற்றதற்கு அதைப் போன்றே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரையையும் கொடுத்து, யாருக்கு எது தரப்பட்டது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு மறைத்து நடத்தப்படும் இருபுற மறைப்பு ஆய்வே இதற்கான உரைகல். மருதம்பட்டை அந்த உரைகல்லில் உரைக்கப்பட்டிருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. இந்தூரின் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடும் இதயச் செயலிழப்பு கொண்ட 12 பேருக்கு, அதாவது இதயத்தால் உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை வெளியேற்ற முடியாமல் ஓய்விலும் மூச்சுத் திணறும் நிலையில் இருந்தவர்களுக்கு, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் பட்டைச் சாற்றை வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத் தந்து, நோயின் கடுமை ஒரு படி குறைந்ததை 1995-ல் வெளியிட்டனர். அதே கல்லூரியில் நெஞ்சுவலி நோயுள்ள 58 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான மற்றோர் ஆய்வு, நடைப்பயிற்சிப் பொறியில் அவர்கள் தாக்குப்பிடிக்கும் திறன் வெற்று மாத்திரையின்போது இருந்ததைவிடக் கூடியதாகக் காட்டியது. எண்ணிக்கை சிறிது, காலம் குறுகியது. ஆனாலும் நம்பிக்கை தரும் தொடக்கம்.

அதற்கு அடுத்த படியைத் தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் எடுத்து வைத்தது. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்னும் அளவு, இதய வலிமையின் முதன்மைக் குறியீடு. அது 40 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருந்த 100 நோயாளிகளிடம், நாளுக்கு இருமுறை 750 மில்லிகிராம் நீர்ச்சாறு என்னும் அளவில், 12 வாரங்கள் நடத்தப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. அந்தக் குறியீடு மருதம்பட்டையால் உயரவில்லை. உடல் இயங்கும் திறனிலும் நோயின் அறிகுறிகளிலும் சிலருக்கு முன்னேற்றம் காணப்பட்டது. மரணம் குறைகிறதா, மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை தவிர்க்கப்படுகிறதா என்னும் கேள்விகளுக்கு 100 பேரையும் 12 வாரங்களையும் கொண்டு விடை காண முடியாது. மருதம்பட்டை இன்று நிற்கும் இடம் இதுதான்: வழக்கமான மருந்துகளோடு சேர்த்துத் தரும்போது சிறிது துணை செய்யலாம் என்னும் குறிப்பு உண்டு, அவற்றுக்கு மாற்றாக நிற்கும் என்பதற்குச் சான்று இல்லை. இதயச் செயலிழப்பு பற்றிய இந்த ஆய்வுகளில் பங்கேற்றோர் தம் வழக்கமான சிகிச்சையின் மேலாகவே பட்டைச் சாற்றைப் பெற்றனர் என்பதை, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவோர் ஒருபோதும் மறத்தலாகாது.

ஒரு மூலிகை முழுமையாக அளந்து அறியப்படும்போது என்ன நிகழும் என்பதற்குச் சர்ப்பகந்தியின் வரலாறே இந்தியாவின் மிகச் சிறந்த சான்று. பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலம் வேராகப் பயன்பட்ட இச்செடியைத் தில்லியின் திப்பியா கல்லூரியில் ஆராய்ந்த வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, 1931-ல் அதிலிருந்து பல ஆல்கலாய்டுகளை, அதாவது செடிகளில் காணப்படும் நைட்ரஜன் கொண்ட வீரிய வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம்மை ஊக்குவித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய மருத்துவர்கள், இந்த வேர் மனநோயைத் தணிப்பதோடு இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினர். அக்கட்டுரை இந்திய இதழொன்றில் வெளியாகி, வெளியுலகின் பார்வைக்குப் படாமலே கிடந்தது.

பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இந்த வேர் மாத்திரையைத் தந்து, ஒவ்வொருவரின் அழுத்தத்தையும் முறையாகக் குறித்து, 1949-ல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே நிலைமை மாறியது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் ரெசர்பின் என்னும் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நோரட்ரினலின் என்னும் பொருள் இரத்தக் குழாய்களை இறுகச் செய்வது. அந்தச் சேமிப்பை ரெசர்பின் வெறுமையாக்கிவிடுவதால் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. வக்கீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. இவற்றைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. இரத்த அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் காக்கப்படும் என்பதே அக்காலத்தில் உறுதிப்படாதிருந்த நிலையில், அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் கடும் உயர் அழுத்தம் கொண்ட 143 ஆண்களிடம் நடத்தப்பட்டு 1967-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வுதான் அதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. அந்த ஆய்வில் தரப்பட்ட மூன்று மருந்துகளில் ஒன்று ரெசர்பின். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அழுத்த மாத்திரை உட்கொள்வதற்கு அடிப்படையான சான்றில் இந்திய வேர் ஒன்றின் பங்கு இருக்கிறது என்பதைத் தமிழ்ப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லித் தர வேண்டும்.

அதே அளவீடு சர்ப்பகந்தியின் தீமைகளையும் வெளிக்கொணர்ந்தது. ரெசர்பின் உட்கொண்டோரில் சிலருக்கு மனச்சோர்வு ஏற்பட்டது; மூக்கடைப்பும் மந்தமும் தொல்லை தந்தன; மேம்பட்ட மருந்துகள் வந்தபின் அது பின்னுக்குச் சென்றது. அஜ்மலினோ வேறொரு பாதையில் சென்று, திடீர் மரணத்துக்குக் காரணமாகும் புருகாடா நோய் என்னும் மரபுவழி இதயத் துடிப்புக் கோளாற்றைக் கண்டறியும் சோதனை மருந்தாக ஐரோப்பிய மருத்துவமனைகளில் இன்றும் பயன்படுகிறது. தேவை பெருகியதால் காடுகளிலிருந்து செடி வேரோடு அகழப்பட்டு அருகிப்போக, 1990-ல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்கு உள்ளாக்கப்பட்டது. மூலிகையைப் போற்றுவதாகச் சொல்லும் நாடு அதன் இருப்பிடத்தைக் காக்கத் தவறியது இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி.

அளவு பிசகினால் இதய மூலிகையே இதயத்தை நிறுத்தும் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. வேலியோரத்து மஞ்சள் அரளியும் பூஜைக்கு வைக்கும் செவ்வரளியும் போதும். அவற்றில் இருப்பவை இதயக் கிளைக்கோசைடுகள் எனப்படும் பொருள்கள். இங்கிலாந்தின் நரிக்கையுறைச் செடி இலையில் உள்ள டிஜிட்டாலிசும் அதே குடும்பத்தது. நாட்டு வைத்தியம் செய்த ஒரு மூதாட்டியின் மருந்துக் கலவையில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருப்பதைக் கண்ட மருத்துவர் வில்லியம் விதரிங், அவற்றுள் நரிக்கையுறையே வேலை செய்கிறது என்று பகுத்துணர்ந்து, பத்தாண்டுக் காலம் நோயாளி வாரியாகக் குறிப்பெழுதி, எந்த அளவில் நாடி தளர்கிறது, எப்போது குமட்டல் தொடங்குகிறது, எப்போது பார்வை மஞ்சளிக்கிறது என்பதையெல்லாம் 1785-ல் நூலாக்கினார். அந்தக் குறிப்பேடுதான் ஒரு நஞ்சை மருந்தாக்கியது. அத்தகைய வரையறைக்கு உட்படாத அரளியோ, 1980களிலிருந்து யாழ்ப்பாணத்திலும் பின்னர் இலங்கையின் பிற பகுதிகளிலும் எண்ணற்ற உயிர்களைப் பறித்து, நஞ்சுமுறிவு ஆய்வுகளின் பொருளாகவே உலக மருத்துவ இதழ்களில் இடம்பெற்றது. இயற்கையானது ஆகவே தீங்கற்றது என்னும் வாதம் அரளியின் முன் நிற்காது.

எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய மூலிகைகளும் உண்டு. வடமேற்கு வறண்ட நிலங்களில் வளரும் மரத்தின் பிசினான குக்குலு கொழுப்பைக் குறைக்கும் என்று பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி 1966-ல் சமர்ப்பித்த ஆய்வேடு பெரும் ஆர்வத்தைக் கிளப்பி, 1980களில் இந்தியாவில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. ஆனால் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரங்கள் நடத்தப்பட்டு 2003-ல் வெளியான மறைப்பு ஆய்வில், குக்குலு உட்கொண்டோரின் கெட்ட கொழுப்பு சற்று உயர்ந்தே காணப்பட்டது. சேலம் பகுதியில் ஒப்பந்த முறையில் பயிராகும் மருந்துக் கூர்க்கன் கிழங்கின் கதை இதற்கு நேர்மாறானது: 1970களில் பம்பாயில் இயங்கிய ஹெக்ஸ்ட் ஆய்வு மையம் கண்டறிந்த ஃபோர்ஸ்கோலின் என்னும் அதன் மூலப்பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட கோல்ஃபோர்சின், கடும் இதயச் செயலிழப்புக்கு ஜப்பானில் மருந்தாகியது, தமிழ்நாட்டு உழவருக்கோ அது உடல் எடைக் குறைப்பு மாத்திரைக்கான ஏற்றுமதிக் கிழங்காகவே பயன் தருகிறது.

இனி, காட்டுமன்னார்கோயிலுக்கு மிக அருகில் உள்ள ஆய்வுக்களத்தைப் பார்க்க வேண்டும். 1929-ல் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை, இதயத்தைக் காக்கும் தாவரப் பொருள்கள் பற்றிய ஆய்வில் உலக இதழ்கள் அறிந்த பெயர். ஐசோபிரினலின் என்னும் மருந்தை எலிகளுக்கு மிகையாகச் செலுத்தினால் அவற்றின் இதயம் தாங்க முடியாத வேகத்தில் உழைத்து, தசை மடிந்து, மாரடைப்பை ஒத்த பாதிப்பு ஏற்படும். தசை மடியும்போது சில நொதிகள் இரத்தத்தில் கசிவதால் அவற்றை அளந்து பாதிப்பின் கடுமையை அறியலாம். முன்கூட்டியே வில்வ இலைச் சாறு கொடுக்கப்பட்ட எலிகளில் இந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது என்று அத்துறை 2005-ல் வெளியிட்டது. பின்னர் சாத்துக்குடி வகைப் பழங்களில் உள்ள நாரிஞ்சின் உள்ளிட்ட பல பொருள்களும் அதே முறையில் சோதிக்கப்பட்டன. நேர்த்தியான உழைப்பு இது. ஆயினும் எலியின் இதயத்தில் மருந்தால் உண்டாக்கப்படும் சேதமும் மனிதரின் மாரடைப்பும் ஒன்றல்ல: மனிதருக்குப் பல ஆண்டுகளாகக் குழாய்ச் சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவம் வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுவதாலேயே பெரும்பாலும் மாரடைப்பு நேர்கிறது. எலிக்கு வராத இந்த நோயை எலியை மட்டும் வைத்து வெல்ல இயலாது.

அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே, 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்கும் நிறுவனமும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. இதயச் செயலிழப்போடு காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் புவனகிரியிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் படுக்கைகள் அங்கே உள்ளன. உயிர்வேதியியல் ஆய்வகத்துக்கும் அந்தப் படுக்கைகளுக்கும் இடையிலான தொலைவு நடந்தே கடக்கக் கூடியது. மூலிகை ஆய்வு மட்டும் அந்தத் தொலைவைக் கடக்காமல் நிற்பது, ஒரு மாவட்டத்துக்கு மட்டுமான குறையாகாது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் தாவர மருந்தாய்வு பெரும்பாலும் முனைவர் பட்டத்தோடும் இதழ்க் கட்டுரையோடும் நின்றுவிடுகிறது. மனிதரிடம் ஆய்வு நடத்தப் பெரும் பணமும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். காப்புரிமை பெற முடியாத பட்டைக்கு எந்த மருந்து நிறுவனமும் அந்தப் பணத்தைச் செலவிடாது என்பதால், இந்தச் சுமையை அரசே ஏற்றாக வேண்டும்.

ஆய்வுக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய ஒரு சிக்கல், செடியின் அடையாளம். செம்பருத்திப் பூ இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று கூறுவோர் மேற்கோள் காட்டும் ஆய்வுகளில் முக்கியமானது, 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஒன்று: 65 பேரில் நாளுக்கு மூன்று கோப்பை வீதம் 6 வாரங்கள் செம்பானம் அருந்தியோருக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7.2 அலகு இறங்கியது. வெற்றுப் பானம் அருந்தியோருக்கு 1.3 அலகு. ஆனால் அந்தப் பானம் புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த, செந்நிறப் புல்லிவட்டம் கொண்ட வேறொரு செடியினுடையது. தமிழர் வீட்டு முற்றத்துச் செம்பருத்தி அதன் உறவுச் செடி மட்டுமே. ஒன்றன் சான்று மற்றொன்றுக்குச் செல்லாது. மருதிலும் இதே குழப்பம் உண்டு. முதலைத் தோல்போல் வெடித்த கரிய பட்டையுடைய கருமருது காட்டு மரம். அதன் பட்டை நீர்மருதுப் பட்டையோடு சந்தையில் கலந்துவிடுகிறது. துண்டாக இருக்கும்போது கண்ணால் இனம் காணலாம். தூளாக்கிப் பொட்டலம் கட்டியபின் நுண்ணோக்கியும் வேதிச் சோதனையும் இன்றி யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, மருதம்பட்டை வாங்குவோர் தூளைத் தவிர்த்துப் பட்டையாகவே வாங்குவது குறைந்தபட்ச எச்சரிக்கை.

மூலிகைக்கும் மாத்திரைக்கும் இடையிலான உறவு எப்போதும் இணக்கமானதாக இருப்பதில்லை. இருமலுக்காக வீடுதோறும் பயன்படும் அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் தன்மையது. நாள்தோறும் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும், டிஜிட்டாலிஸ் வகை இதய மருந்தான டிஜாக்சின் மாத்திரை உட்கொள்வோருக்கு அது பேராபத்தாகவே முடியலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் பூண்டுச் சாற்று மாத்திரைகளை மிகுதியாக எடுத்தால் இரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். உணவில் சேரும் நாலைந்து பூண்டுப் பற்களைப் பற்றி அத்தகைய அச்சம் தேவையில்லை. இந்துப்பு அழுத்தத்தை ஏற்றாது என்னும் நம்பிக்கையும் தவறானது. கடலுப்பைப் போலவே அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ஒருவருக்கு உப்பு நாளுக்கு 5 கிராமுக்கு மிகலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு எல்லா உப்புக்கும் பொருந்தும். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் இடம்பெறும் கடலோர மாவட்டத்து உணவில், மருதம்பட்டையைத் தேடுவதற்கு முன் இந்த 5 கிராமைத் தேடுவது அதிகப் பலன் தரும்.

சட்டத்தின் நிலை இரு முகம் கொண்டது. இதய நோயையும் உயர் அல்லது தாழ் இரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதை, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் அந்த நோய்களைப் பட்டியலிட்டே தடை செய்கிறது. தடை இருந்தும், இதய அடைப்பைக் கரைத்துவிடுவதாக உரைக்கும் காணொளிகள் கைப்பேசிகளில் தடையின்றிச் சுற்றுகின்றன. மறுபுறம், அங்கீகரிக்கப்பட்ட பழம்பெரும் நூல்களில் உள்ள முறைப்படி செய்யப்படும் மருந்துக்கு உரிமம் பெற நூற்சான்றே போதும், பயன்விளைவு ஆய்வு தேவையில்லை என்று மருந்து விதி 158-பி அனுமதிக்கிறது. மரபு வைத்தியர் தம்மை நேரில் நாடி வந்த நோயாளியின் நாடி பார்த்து மருந்து கொடுத்த காலத்துக்கு ஏற்ற இந்தச் சலுகை, ஆலையில் செய்து ஆயிரம் கடைகளில் விற்கப்படும் சூரணத்துக்கும் பொருந்துவது நியாயமாகாது. நாட்பட்ட இதய நோய்க்கு விற்கப்படும் எந்த மருந்தும், அதன் மூலம் ஏட்டில் இருந்தாலும் ஆய்வகத்தில் இருந்தாலும், மனிதரிடம் அளக்கப்பட்ட சான்றோடு வர வேண்டும் என்பதே நேர்மையான விதியாக இருக்கும்.

இவ்வாறு அளந்து குறித்து வைப்பது மேற்கிலிருந்து இரவல் பெற்ற பழக்கம் என்று சிலர் குறைகூறுவதுண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் கோயிலில் உள்ள, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு அதற்குத் தக்க மறுமொழி. 'வீரசோழன்' என்னும் பெயர் கொண்ட ஆதுலர் சாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை பறித்து வந்து மருந்து செய்வோர் இருவர், பணிப்பெண்கள் இருவர் என ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லும் காசும் வரையறுக்கப்பட்டன. ஆண்டு முழுவதற்கும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் பெயரோடும் அளவோடும் கல்லில் பொறிக்கப்பட்டன. வீராணம் ஏரியை வெட்டிய சோழர் மரபின் காலத்திலேயே மருத்துவமனையின் கணக்கு இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டது. அந்த ஒழுங்கை இன்றைய கருவிகளோடு தொடர்வதில் மரபுக்கு இழுக்கு ஏதும் நேராது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. சிதம்பரம் மருத்துவமனையின் இதயப் பிரிவும், பல்கலைக்கழகத்தின் தாவரவியல், உயிர்வேதியியல் துறைகளும், தாம்பரத்தில் 2005-ல் தொடங்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இணைந்து, இனம் உறுதி செய்யப்பட்ட நீர்மருதுப் பட்டையை, வழக்கமான மருந்துகளை ஒன்றுகூட நிறுத்தாமல், இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் குறைந்தது ஓராண்டு சோதிக்கலாம். மரணமும் மறு அனுமதியும் அதன் அளவுகோல்களாக இருக்க வேண்டும். ஆய்வுத் திட்டம் தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். முடிவு சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் வெளியிடப்பட வேண்டும். பட்டைக்கான மரங்களை வீராணத்தின் கரையிலும் வடவாற்றின் ஓரத்திலும் நீர்வளத் துறையும் ஊராட்சிகளும் நட்டு வளர்க்கலாம். சுற்றிலும் உரித்த மரம் பட்டுப்போகும் என்பதால், அடிமரத்தின் ஒரு பக்கத்து வெளிப்பட்டையை மட்டும் எடுத்து, அது மீண்டும் வளரும் வரை மறுபக்கத்தைத் தொடாதிருக்கும் முறையை அறுவடை செய்வோருக்குக் கற்பிக்க வேண்டும்.

ஓராண்டு ஆய்வுக்குக் காத்திராமல் இப்போதே தொடங்கக் கூடியவையும் இருக்கின்றன. மாரடைப்பின் அறிகுறியோடு வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகத் தரும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது; இவற்றுள் ஆஸ்பிரின் வில்லோ மரப்பட்டையின் வழிவந்தது, ஸ்டாட்டின் வகையின் முதல் மருந்துகள் பூஞ்சையிலிருந்து பிறந்தவை. நெஞ்சில் அழுத்தமும் இடது கையில் வலியும் வியர்வையும் தோன்றும் நேரத்தில் கஷாயம் காய்ச்சக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையை இழக்கும் நிமிடம் என்பதைக் கிராமத்துச் சித்த மருத்துவரும் நாட்டு மருந்துக் கடைக்காரரும் தம்மை நாடி வருவோருக்குச் சொல்ல வேண்டும். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரின் பதிவேட்டில், நோயாளி எந்த நாட்டு மருந்தை, எவ்வளவு, எத்தனை நாளாக உட்கொள்கிறார் என்று குறிக்க ஒரு கட்டம் சேர்க்கப்பட வேண்டும். கண்டிப்போ ஏளனமோ இன்றி அந்தக் கேள்வி கேட்கப்பட்டால் காட்டுமன்னார்கோயில் மக்கள் உண்மையைச் சொல்வார்கள். அழுத்த அளவுக்குப் பக்கத்திலேயே அந்த விடையும் மாதந்தோறும் பதிவானால், மருதம்பட்டையும் அதிமதுரமும் இந்த வட்டாரத்தில் உண்மையில் என்ன செய்கின்றன என்பதற்கான முதல் கணக்கு இரண்டே ஆண்டுகளில் மாவட்டத்தின் கையில் இருக்கும்.